வாதம் என்று சொல்லி வாளா இருப்பதா?

பொழுது விடிந்துவிட்டது. அண்டை வீட்டு வாசல்களில் கோலம் விழுந்துவிட்டது. அந்த ஒரு வீட்டு வாசல் மட்டும் வெறிச்சென்று கிடக்கிறது. சோம்பலா? இல்லை. அந்த வீட்டுப் பெண் கண் விழித்து ஒரு மணி நேரமாகிறது. விரல்கள்தாம் இன்னும் விழிக்கவில்லை! கோலமாவை அள்ளினால் விரலிடுக்கில் நிற்கவில்லை. தண்ணீர்ச் செம்பைத் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கிறது. பள்ளிக்குப் போகும் மகளுக்குத் தலை பின்னிவிட முடியவில்லை. பத்து மணிக்கு மேல்தான் கை சற்றே இளகுகிறது. இளகிய அந்தக் கையால் இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டிப் பீடி சுற்றினால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. விரலே அவளுக்கு நிலம். விரலே அவளுக்குப் பட்டறை. அந்த விரல் வீங்கிவிட்டது.

அவளுக்கு வயது 34.

நாம் அறிந்த வீடு அது. எப்படி ஆரம்பித்தது என்று கேட்டோம். "முதல்ல மோதிர விரல் கணு வீங்குச்சுங்க. சுளுக்குன்னு நெனச்சேன். அப்புறம் ரெண்டு கையும் வீங்கிப் போச்சு" என்றாள். எதிர்வீட்டுப் பாட்டி, "வாதம்டி அது. எனக்கும்தான் இருக்கு, என்ன செய்யிறது" என்று ஆறுதல் கூறினாள். எண்ணெய் தேய்த்தார்கள். வாயு என்று சொல்லி உருளைக்கிழங்கை ஒதுக்கினார்கள். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கித் தின்றாள். வயிறு எரிந்ததே தவிர விரல் ஆறவில்லை. பிறகு யாரோ சந்தையிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கி வந்து கொடுத்தார்கள். "வேர் மருந்து, கெடுதலே கிடையாது" என்றார்கள். என்ன அதிசயம்! மூன்றாம் நாள் வலி பறந்தது. பழையபடி பீடி சுற்றினாள். பொட்டலக்காரரைத் தெய்வம் என்றாள். மாதம் சில சென்றன. முகம் உப்பி வட்டமாயிற்று. "சதை போட்டிருக்கியே" என்று தெருவார் மெச்சினார்கள்! பொட்டலத்தை நிறுத்திப் பார்த்தாள். வலி இரட்டிப்பாய் வந்தது.

இரண்டு ஆண்டுகள் இப்படியே ஓடின. நகரத்து அரசு மருத்துவமனைக்கு அவளைக் கொண்டு சேர்த்தபோது இரண்டு விரல்கள் வளைந்து நின்றுவிட்டன. "வீக்கம் வடியும், வலி குறையும். வளைந்தது இனி மருந்தால் நிமிராதம்மா. முன்னமே வந்திருக்கக் கூடாதா?" என்றார் டாக்டர்.

முன்னமே வந்திருக்கக் கூடாதா! நல்ல கேள்விதான். ஆனால், முன்னமே வா என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அந்த இரண்டு ஆண்டுகளைத் திருடியவர் யார்? இதைத்தான் இன்று கேட்க விரும்புகிறோம்.

நம் நாட்டிலே "வாதம்" என்பது ஒரு பெரிய கோணிப்பை. முழங்கால் தேய்ந்தாலும் வாதம், இடுப்புப் பிடித்தாலும் வாதம், விரல் வீங்கினாலும் வாதம், பக்கவாதமும் வாதம்! எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டி, "வயதானால் வரத்தான் செய்யும்" என்று முடிச்சும் போட்டுவிடுகிறோம். முடிச்சை அவிழ்த்துப் பார்ப்போர் இல்லை. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை பல நோய்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்து வேறு.

அந்தப் பெண்ணைப் பிடித்த நோய்க்கு முடக்கு வாதம் என்று பெயர். ஆங்கில மருத்துவர் ஆல்பிரட் காரட் 1859-இல் இதை மற்ற மூட்டு நோய்களிலிருந்து பிரித்து, 'ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்' என்ற தனிப் பெயரைச் சூட்டினார். இது மூட்டுத் தேய்வதால் வருவதன்று. உடலுக்குள்ளே ஒரு காவற்படை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் கிருமியைக் கண்டு பிடித்து அழிப்பது அதன் வேலை. அந்தப் படை நிலை தவறி, காக்க வேண்டிய வீட்டையே பகைவன் கோட்டை என்று எண்ணித் தாக்கினால் என்ன ஆகும்? அதுதான் தன்னெதிர்ப்பு நோய். முடக்கு வாதத்தில் அந்தத் தாக்குதல் மூட்டின் உட்சவ்வின்மீது நடக்கிறது. சவ்வு தடிக்கிறது, நீர் கோக்கிறது, குருத்தெலும்பு அரிக்கப்படுகிறது, பிறகு எலும்பும் அரிக்கப்படுகிறது. அரித்த எலும்பைப் பழைய நிலைக்குக் கொண்டு வரும் மருந்து இல்லை. அரிக்காமல் தடுக்கும் மருந்து உண்டு. ஆகவேதான் காலம் இங்கே பொன்னைவிட மேலானது.

உலகெங்கும் வயது வந்தோரில் நூற்றுக்கு அரை முதல் ஒருவர் வரை இந்நோய்க்கு ஆளாகிறார்கள் என்பது மருத்துவர்களின் மதிப்பீடு. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். 2024 மக்களவைத் தேர்தலின்போது தமிழகத்து வாக்காளர் தொகை ஏறத்தாழ 6 கோடியே 20 லட்சம். குறைந்த விகிதத்தையே கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று லட்சம் பேர் வருகிறார்கள்! அவர்களிலே எத்தனை பேர் நாற்று நடுவோர், எத்தனை பேர் தறி நெய்வோர், எத்தனை பேர் தையல் எந்திரத்தின் முன் குனிந்திருப்போர்! விரல் முடங்கினால் முடங்குவது விரல் மட்டும்தானா? வீடே அல்லவா முடங்குகிறது!

சரி, எப்படிக் கண்டுகொள்வது? படித்தவர்க்கு மட்டும் விளங்கும் மர்மம் ஏதும் இதில் இல்லை. சில கேள்விகள் போதும்.

காலையில் எழுந்ததும் மூட்டுகள் மரக்கட்டை போல விறைத்திருக்கின்றனவா? அந்த விறைப்பு விலக அரை மணி, ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகிறதா? விரல்களின் அடிக்கணு, நடுக்கணு, மணிக்கட்டு, பாதத்தின் முன்பகுதி ஆகிய இடங்களில் வீக்கம் இருக்கிறதா? ஒரு கையில் மட்டுமின்றி இரு கைகளிலும் இருக்கிறதா? ஒருவர் கையைக் குலுக்கினால் உயிர் போகிறதா? ஓய்வெடுத்தால் விறைப்பு கூடி, அசைத்தால் குறைகிறதா? இத்தனைக்கும்மேல் முக்கியமான கேள்வி: இது ஆறு வாரங்களைத் தாண்டிவிட்டதா? ஆம் எனில், அது சுளுக்கன்று, வாயுவன்று, தலையெழுத்துமன்று. உடனே மருத்துவரிடம் போக வேண்டிய நோய்!

வயது முதிர்ந்தோரின் முழங்கால் தேய்மானம் இதற்கு நேர்மாறானது. அங்கே நடந்தால் வலி கூடும், உட்கார்ந்தால் குறையும். காலை விறைப்பு சில நிமிடங்களில் போய்விடும். இரவு படுக்கும்வரை நன்றாக இருந்து, நள்ளிரவில் காலின் பெருவிரல் தீப்பட்டாற்போல் சிவந்து வலித்தால், அது யூரிக் அமிலத்தால் வரும் கீல்வாதமாக இருக்கலாம். 2006-இல் சிக்குன்குனியா தமிழகத்தை உலுக்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் மூட்டுவலி நின்றது பலருக்கு. இளைஞன் ஒருவனுக்கு விடியற்காலையில் இடுப்பு விறைத்து, நடமாடினால் சரியானால், அது முதுகெலும்பைப் பற்றும் வாதமாக இருக்கக்கூடும். தொண்டை வலிக்குப் பின் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, மூட்டுக்கு மூட்டு வலி தாவினால், அதை அலட்சியம் செய்தல் கூடாது. அது மூட்டை விட்டுவிடும்; இதய வால்வைப் பிடித்துக்கொள்ளும். பென்சிலின் ஊசியை மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, பல்லாண்டுகள் தவறாமல் போட்டுக் காக்க வேண்டிய நோய் அது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இளம்பெண்ணுக்கு மூட்டுவலியோடு கன்னத்தில் சிவந்த படை, வெயில் பட்டால் கூடும் தடிப்பு, முடி கொட்டல், வாய்ப்புண், விடாத காய்ச்சல் இவை சேர்ந்து வந்தால், லூபஸ் என்ற நோயோ என்று பார்க்க வேண்டும். லூபஸ் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்களே. அது சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் தின்னும். சிறுநீர்ச் சோதனை ஒன்றே காட்டிக் கொடுக்கும். "கண்ணேறு" என்று மிளகாய் சுற்றிக்கொண்டிருந்தால், சிறுநீரகம் காத்துக்கொண்டிருக்காது!

இரத்தச் சோதனையைப் பற்றியும் ஒரு தெளிவு தேவை. "ஆர்.ஏ. பாசிட்டிவ்" என்று ஒரு தாளைக் கண்டதும் நடுங்குவோர் உண்டு, "நெகட்டிவ்" என்றதும் நோயே இல்லை என்று நிம்மதி கொள்வோரும் உண்டு. இரண்டும் தவறு. நார்வே நாட்டு வாலர் 1940-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து பிறந்த அந்தச் சோதனை, முடக்கு வாதக்காரர் எல்லோரிடமும் தென்படுவதில்லை. நூற்றுக்கு இருபது முப்பது பேரிடம் தென்படாமலே போகும். காசநோய், தொழுநோய் உள்ளோரிடமும், நோயற்ற முதியோர் சிலரிடமும் தென்பட்டுவிடும். 1990-களின் இறுதியில் வந்த 'ஆன்டி சி.சி.பி.' சோதனை இதைவிட நம்பத் தகுந்தது. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற சோதனைகள் உள்ளே நெருப்பு எவ்வளவு எரிகிறது என்பதைச் சொல்லும். எதனால் எரிகிறது என்பதைச் சொல்லா. தாள் சாட்சி சொல்லலாம். தீர்ப்பு வழங்க வேண்டியது கையைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர்.

இனி மருந்துக்கு வருவோம். இங்கேதான் நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள ஒரு செய்தி இருக்கிறது.

இன்று உலகம் முழுவதும் முடக்கு வாதத்துக்கு முதல் மருந்தாகத் தரப்படுவது மெத்தோட்ரெக்சேட். அதன் பிறப்பு எங்கே? அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் அணிந்ததால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார் என்பர். அமெரிக்கா சென்ற அவர், லெடர்லி ஆய்வுக்கூடத்தின் தலைமையில் அமர்ந்தார். போலிக் அமிலம் என்ற சத்துப் பொருளை அங்கே அவர் குழுவினர் செயற்கையாக ஆக்கினர். அதே பொருளைச் சற்றே மாற்றி, அதற்கு எதிராக வேலை செய்யும் மருந்துகளையும் ஆக்கினர். அந்த எதிர்மருந்துக் குடும்பத்தின் பிள்ளைதான் மெத்தோட்ரெக்சேட். இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு அக்குடும்பத்து மருந்து முதலில் உதவியது. 1951-இல் அதன் உறவு மருந்தொன்று மூட்டு வீக்கத்தையும் தணிப்பதைக் கண்டார்கள். கண்டும் பல்லாண்டு பரணில் கிடந்தது. 1988-இல்தான் அமெரிக்க அரசு இந்நோய்க்கு முறைப்படி அனுமதித்தது. 1948-லேயே மறைந்துவிட்ட சுப்பாராவ் இதைக் காணவில்லை!

அது ஏன் அத்தனை ஆண்டுகள் பரணில் கிடந்தது? வேறொரு மருந்து உலகத்தின் கண்ணைப் பறித்திருந்தது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், படுத்த படுக்கையாயிருந்த 29 வயதுப் பெண்ணுக்கு, பிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவரும் அவர் தோழரும் ஒரு புதுப் பொருளை ஊசி மூலம் செலுத்தினர். சில நாட்களில் அவள் எழுந்து நடந்தாள். உலகம் கைதட்டியது. 1950-இல் ஹெஞ்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பொருள்தான் கார்ட்டிசோன். இன்று நாம் ஸ்டீராய்டு என்று சொல்லும் இனத்தைச் சேர்ந்தது. கைத்தட்டல் ஓயுமுன் அதன் மறுபக்கம் தெரிந்தது. முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, எலும்பு மெலிந்தது, தொற்றுநோய்கள் தொடர்ந்தன.

மருத்துவர் கையிலே ஸ்டீராய்டு நல்ல கருவி. குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, மற்ற மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை தாங்கிப் பிடிக்கும் ஊன்றுகோல். ஆனால் சந்தைப் பொட்டலத்திலே? மூன்றே நாளில் முடக்கு வாதத்தை விரட்டும் பெயரில்லாப் பொடியை யாராவது தந்தால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று ஐயுற வேண்டும். அது வலியை மறைக்கும், நோயை நிறுத்தாது. வலி தெரியாமலே எலும்பு அரிக்கப்படும்! அந்தப் பீடித் தொழிலாளப் பெண்ணின் வட்ட முகம் சொன்ன சேதி அதுதான்; நாம்தான் சதை போட்டதாக மெச்சினோம். பல மாதம் அத்தகைய பொடியை உண்டவர்கள் திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது. உடல் தானே சுரக்க வேண்டிய சுரப்பை மறந்திருக்கும். மயக்கமும் ஆபத்தும் நேரும். பொட்டலத்தோடு மருத்துவரிடம் போய் உள்ளதைச் சொல்ல வேண்டும். இதில் வெட்கம் எதற்கு?

மெத்தோட்ரெக்சேட் விலை மலிந்த மருந்து. ஆனால் கவனம் மிக வேண்டும். வாரத்துக்கு ஒரே நாள்! நாள்தோறும் அன்று. தினமும் விழுங்கி உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. வாரத்தில் ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டு, சுவரில் காலண்டரில் வட்டமிட்டு, அன்று மட்டும் சாப்பிட வேண்டும். டாக்டர் சொல்லும் வேறொரு நாளில் போலிக் அமில மாத்திரை. என்ன விந்தை பாருங்கள்! நோயைத் தாக்கும் வாளும், அந்த வாளின் கூர் நம்மைக் காயப்படுத்தாமல் காக்கும் கேடயமும் சுப்பாராவின் ஒரே கூடத்தில் பிறந்தவை.

"புற்றுநோய் மருந்தாமே!" என்று அஞ்சி நிறுத்துவோர் பலர். உண்மை, புற்றுநோய்க்கும் அதுவே. ஆனால் அங்கே தரப்படும் அளவு பல மடங்கு பெரிது. இங்கே வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம்வரைதான். இரத்த அணுக்களையும் கல்லீரலையும் குறித்த காலத்தில் சோதித்துக்கொள்ள வேண்டும். மது கூடாது. கருவுற்றோர் சாப்பிடவே கூடாது. குழந்தை வேண்டுவோர் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்பாசலசீன் என மாற்று மருந்துகள் உண்டு. மலேரியாவுக்காகப் பிறந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் இன்று லூபஸ் நோயாளிகளின் உற்ற துணை; நெடுநாள் சாப்பிடுவோர் கண்ணைச் சோதித்துக்கொண்டால் போதும். இவற்றுக்கெல்லாம் அடங்காதபோதுதான் விலையுயர்ந்த உயிரியல் ஊசிகள். அவற்றைப் போடுமுன் உடலில் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்; நம் நாட்டில் இது சடங்கன்று, உயிர்ப் பிரச்சினை.

மருந்து பலன் காட்ட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பொடியைப் போல மூன்று நாளில் மாயம் காட்டாது. அந்தப் பொறுமையைச் சொல்லித் தராமல் வெறும் சீட்டை எழுதிக் கொடுத்தால், ஏழை இரண்டாம் மாதமே பொட்டலத்துக்குத் திரும்பிவிடுவாள். குற்றம் அவள்மீது மட்டுமா?

இப்போது அரசுக்கு வருகிறோம். சென்னை மருத்துவக் கல்லூரியில் மூட்டு வாத நோய்களுக்கென்றே தனித் துறை உண்டு, பெருமையோடு ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக் கட்டணமும் கொடுத்து, இரவெல்லாம் பயணம் செய்து, விறைத்த விரலோடு வரிசையில் நிற்க எத்தனை பேரால் முடியும்? மாவட்டத் தலைமை மருத்துவமனைதோறும் வாரம் ஒரு நாளேனும் மூட்டு வாதப் பிரிவு நடக்கட்டும். மெத்தோட்ரெக்சேட் இந்திய அரசின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலேயே இடம்பெற்ற மருந்து. அது ஒரு மாதம்கூட இருப்பு இல்லை என்ற சொல் வராதிருக்கட்டும். 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டபோது, சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை வந்தது. வீடு தேடிச் செல்லும் அந்தப் பெண் ஊழியர்களின் கேள்விப் பட்டியலில் இன்னும் ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்க என்ன தடை? "காலையில் விரல் மடக்க முடிகிறதா அம்மா? எத்தனை நாளாக?" இதற்குக் கட்டடம் வேண்டாம், கல்வெட்டு வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம். ஒரு கேள்வி! ஆறு வாரம் என்று பதில் வந்தால், ஒரு சீட்டு!

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி இருப்பதா? படிப்பகத்தில் இந்த ஏட்டைப் படிக்கும் தோழர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் தாயின் கையை, தமக்கையின் கையை, மனைவியின் கையைத் தொட்டுப் பாருங்கள். நாளும் நமக்குச் சோறு போடும் கை அது. அதை நாம் உற்றுப் பார்த்து எத்தனை நாளாகிறது? புகைப்பழக்கம் உள்ளோர் அதை விடுங்கள். புகை இந்நோயை வரவழைக்கவும் வளர்க்கவும் செய்கிறது.

அந்தப் பெண் இப்போது மருந்து சாப்பிடுகிறாள். ஞாயிறுதோறும் மெத்தோட்ரெக்சேட், காலண்டரில் மகள் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். வீக்கம் வடிந்துவிட்டது. முன்போல் ஆயிரம் சுற்ற முடியவில்லை, அறுநூறு சுற்றுகிறாள். வளைந்த இரு விரல்கள் வளைந்தே இருக்கின்றன. அவை நிமிரப் போவதில்லை. ஆனால் அடுத்த தெருவில் இன்னொருத்திக்குக் கணு வீங்கியபோது, "சுளுக்குன்னு இருந்துடாதே, என் கையைப் பாரு" என்று அவளை இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனவள் இவள்தான். அந்தப் பெண்ணுக்கு விரல் வளையவில்லை.

வளைந்த விரல் வழிகாட்டுகிறது. நிமிர்ந்த விரல் படைத்தோர் என்ன செய்யப் போகிறோம்?